வெளிநாட்டில் கற்ற கைத்தொழில் கிராமத்துக்கு உதவும்

திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் சாலையில் உள்ள அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். செம்பு, பித்தளை, எவர்சில்வர் தகடுகள் இங்குள்ள பட்டறைகளில் குடமாகவும் அண்டாவாகவும் மாறி வெளியூர்களுக்குப் போகின்றன. அதை ஒட்டியே பனியன் கம்பெனிகளும் வளர்ந்துவிட்டன. பனியன் பின்னும் தொழிலே கூட, கல்கத்தாவுக்குப் போய் அந்த இயந்திரத்தைப் பார்த்துத் திரும்பியவர்களால் திருப்பூரில் வேர் ஊன்றியது என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். வெளியே போய்க் கற்றுக்கொண்டு வந்து ஊரில் பிழைப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

இவ்வட்டாரத்தில் ஒன்றிரண்டு ஏக்கர் தோட்டமும், கட்டுத்தரையில் இரண்டு மூன்று கறவைகளும் வைத்துக்கொண்டு பண்ணையம் பார்க்கும் சிறு விவசாயிகள் இன்னும் உள்ளனர். இவர்களில் பலருடைய பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கும், சிங்கப்பூர், மலேசியாவுக்கும் வேலைக்குப் போனவர்கள். குளிர்சாதன மெக்கானிக், வெல்டர், எலெக்ட்ரீஷியன், கனரக வாகன ஓட்டுநர், சுத்திகரிப்பு ஆலை இயக்குபவர் என்று பலவகைத் தொழில் கற்றவர்கள். 2020-ஆம் ஆண்டு கொரோனா நோய்க் காலத்தில் இப்படிப்பட்டவர்கள் நாடெங்கும் கூட்டம் கூட்டமாகத் திரும்பினர். ஒப்பந்தம் முடிந்து திரும்புவோர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கின்றனர்.

திரும்பி வந்தவருக்கு ஊர் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றே: "கையில காசு இருக்குது. நாலு சீமை மாடு வாங்கிக் கட்டுப்பா. பால் ஊத்துனாப் போதும்." பத்து வருடம் குளிர்சாதன இயந்திரத்தோடு பழகிய கை, அடுத்த மாதமே மடி நோய் கண்ட மாட்டின் பக்கத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறது. சேமிப்பும் கரைகிறது, கற்ற தொழிலும் துருப்பிடிக்கிறது.

திரும்பி வருபவரின் தொழில் ஊருக்கு எப்படிப் பயன்படும், எப்போது வீணாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. அவற்றை விவசாயப் பெருமக்கள் அறிந்துகொள்வது நல்லது.

கோபியில் படித்த மாணவர்

வெண்மைப் புரட்சியின் தந்தை எனப்படும் டாக்டர் வர்கீஸ் குரியன் 1921-ல் கோழிக்கோட்டில் பிறந்தவர். அவருடைய தந்தை கோபிசெட்டிபாளையம் அரசு மருத்துவமனையில் டாக்டராக இருந்ததால், குரியன் கோபி வைர விழாப் பள்ளியில் படித்தார். பின்னர் சென்னை லயோலா கல்லூரியிலும், கிண்டி பொறியியல் கல்லூரியிலும் பயின்றார். அவர் கற்றது இயந்திரப் பொறியியல். மாட்டுக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்கவில்லை.

அரசாங்க உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் சென்றார். படிப்பு முடித்துத் திரும்பியவரை, உதவித்தொகைக்கான ஒப்பந்தப்படி அரசாங்கம் 1949-ஆம் ஆண்டு மே மாதம் குஜராத்தில் உள்ள ஆனந்த் என்ற சிற்றூருக்கு அனுப்பியது. அங்கிருந்த அரசு பால் பண்ணையில் வேலை. அந்த ஊரும் பிடிக்கவில்லை, வேலையும் பிடிக்கவில்லை. எப்போது விடுதலை கிடைக்கும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அதே ஊரில், அவருடைய அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே, விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தட்டுத் தடுமாறி நடந்துகொண்டிருந்தது. கெய்ரா மாவட்டத்து விவசாயிகள் தனியார் கம்பெனியும் இடைத்தரகர்களும் கொடுத்த விலை கட்டாமல், சர்தார் வல்லபாய் படேலின் யோசனைப்படி பால் ஊற்றுவதை நிறுத்திப் போராடி, 1946 டிசம்பரில் பதிவு செய்த சங்கம் அது. 1948-ல் இரண்டு கிராமங்களிலிருந்து நாள் ஒன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பாலுடன் அது வேலையைத் தொடங்கியது. தலைவர் திரிபுவன்தாஸ் படேல். அவர்களுடைய பழைய இயந்திரம் அடிக்கடி நின்றது, பால் கெட்டது. பக்கத்தில் இருந்த படித்த பொறியாளரைக் கூப்பிட்டு மராமத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

பழைய இயந்திரத்தை எத்தனை முறை சரி செய்தாலும் பயனில்லை, பாலைச் சூடாக்கிக் குளிர்விக்கும் புதிய இயந்திரம் வாங்குங்கள் என்றார் குரியன். திரிபுவன்தாஸ் கடன் வாங்கிப் பணம் புரட்டி இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்தார். குரியனுக்கு அரசாங்க வேலையிலிருந்து விடுதலை கிடைத்து ஊரை விட்டுப் புறப்பட ஆயத்தமானபோது, வாங்கிய இயந்திரத்தை ஓட்டிக் காட்டிவிட்டுப் போகும்படி திரிபுவன்தாஸ் கேட்டுக்கொண்டார். தங்கியவர் ஆயுள் முழுவதும் அங்கேயே இருந்துவிட்டார்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. குரியன் எருமை வாங்கிக் கட்டவில்லை. எருமை வளர்ப்பு அங்குள்ள விவசாயிகளுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். அவர்களுக்குத் தெரியாத இயந்திர வேலையை அவர் செய்தார். அவர் கற்ற தொழிலும் அவர்கள் கற்ற தொழிலும் ஒரே சங்கத்தில் சேர்ந்தன.

முடியாது என்ற பால் பவுடர்

எருமை குளிர்காலத்தில் அதிகமாகவும் கோடையில் குறைவாகவும் கறக்கும். குளிர்காலத்தில் மிஞ்சிய பாலைப் பம்பாய் நகரம் எடுத்துக்கொள்ளாததால் ஆனந்த் விவசாயிகள் நட்டப்பட்டனர். மிஞ்சும் பாலைப் பவுடராக்கினால்தான் ஆண்டு முழுவதும் ஒரே சீராக விவசாயியிடம் பால் வாங்க முடியும். ஆனால் எருமைப் பாலில் பவுடர் செய்ய முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிவிட்டனர். அவர்கள் நாட்டில் இருந்தது பசும்பால். அதில் கொழுப்புச் சத்து 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். எருமைப் பாலில் 6 முதல் 8 சதவீதம் வரை இருக்கும்.

மிச்சிகனில் குரியனுடன் படித்துத் திரும்பிய எச்.எம். தலாயா என்ற பால்வள நிபுணர் இதை ஏற்கவில்லை. வண்ணம் அடிக்கும் தெளிப்பானையும் சூடான காற்று தரும் கருவியையும் கொண்டே எருமைப் பாலைத் தூளாக்கிக் காட்டினார். 1955-ல் யுனிசெப் நிறுவனத்தின் இயந்திர உதவியுடன் ஆனந்தில் பால் பவுடர் ஆலை எழுந்தது. அக்டோபர் 31 அன்று பிரதமர் நேரு அதைத் திறந்து வைத்தார். எருமைப் பாலிலிருந்து பவுடர் தயாரித்த முதல் ஆலை அதுவே.

வெளிநாட்டில் கற்றதை அப்படியே இறக்கி வைத்திருந்தால் தலாயா இதைச் செய்திருக்க முடியாது. பசும்பாலுக்கு ஏற்பட்ட தொழில்முறையை நம் எருமைக்கு ஏற்றபடி மாற்றினார். திரும்பி வருபவர் செய்ய வேண்டிய முக்கிய வேலை இதுதான்.

பின்னர் 1965-ல் தேசிய பால்வள வாரியமும், 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டமும் வந்தன. தமிழ்நாட்டில் ஆனந்த் முறையில் கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்ற மூன்றடுக்கு அமைப்பு வந்து, 1981-ல் இணையம் உருவாயிற்று. அதுவே ஆவின். நாட்டின் பால் உற்பத்தி 1950-51-ல் 1 கோடியே 70 லட்சம் டன். 2022-23-ல் 23 கோடி டன். சங்கத்தில் காலையில் பால் ஊற்றி, கொழுப்புச் சத்துப் பார்த்துப் பணம் வாங்கும் முறை நம் கிராமங்களுக்கு வந்த வழி இது.

கோவையில் படித்த விஞ்ஞானி

இன்னொரு உதாரணம் கோவையோடு தொடர்புடையது. கும்பகோணத்தில் 1925-ல் பிறந்த டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன், கோயமுத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். ஹாலந்து நாட்டு வாகனிங்கனிலும், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலும் பயின்று 1952-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பின் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். மூன்று இடங்களிலும் அவர் ஆராய்ந்த பயிர் உருளைக்கிழங்கு. விஸ்கான்சினில் வேலை கொடுக்க முன்வந்தனர். அதை ஏற்காமல் 1954-ல் தாய்நாடு திரும்பினார்.

திரும்பியவருக்கு உடனே நிரந்தர வேலை காத்திருக்கவில்லை. ஒரிசாவில் கட்டாக் நகரத்து மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக வேலைதான் கிடைத்தது. அங்கே அப்போது ஜப்பான் நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் ஒட்டுச் சேர்க்கும் திட்டம் நடந்துகொண்டிருந்தது. உரம் போட்டால் சாயாமல் விளையும் குணம் ஜப்பான் நெல்லில் இருந்தது. நம் சீதோஷ்ணத்தைத் தாங்கும் குணம் நம் நெல்லில் இருந்தது. இரண்டையும் ஒன்றாக்குவதே நோக்கம். உருளைக்கிழங்கில் கற்ற ஒட்டுக்கலையை அவர் நெல்லுக்குத் திருப்பினார். அவ்வாண்டு இறுதியில் தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து கோதுமைக்கு வந்தார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை இறக்குமதியானது. 1964-65-ல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-ல் 1 கோடியே 65 லட்சம் டன் ஆயிற்று.

இதற்கு முன்பே, புதிய முறைகளைச் சிறு விவசாயிகளின் வயலிலேயே செய்து காட்டும் தேசியச் செயல்விளக்கத் திட்டத்துக்கு அவர் வழி வகுத்தார். ஆராய்ச்சி நிலையத்தில் விளைந்ததை விவசாயி நம்ப வேண்டும் என்றால் பக்கத்துத் தோட்டத்தில் விளைந்து காட்ட வேண்டும் என்பது அதன் கருத்து. 1982-ல் பிலிப்பைன்ஸ் நாட்டு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராகப் போனவர், 1988-ல் மீண்டும் திரும்பிச் சென்னையில் தம் பெயரில் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்தார். 2023-ல் காலமானார்.

அந்தக் கட்டாக் திட்டத்தின் வழியே வந்த நெல்தான், 1960-களில் தஞ்சைக் குறுவையில் பேர் வாங்கிய ஆடுதுறை 27. அதே திட்டத்தில் பிறந்த மற்றொரு ஒட்டின் வித்து மலேயா போய்ச் சேர்ந்தது. அங்கே தேர்ந்தெடுத்து 1965-ல் மாசூரி என்று வெளியிட்டனர். அது நம் நாட்டுக்குத் திரும்பி வந்து, தமிழ்நாட்டில் பொன்னி ஆயிற்று. அதிலிருந்து தெரிவு செய்யப்பட்ட வெள்ளைப் பொன்னி 1986-ல் வெளியானது. நம் வீட்டுச் சோற்றுப் பானைக்குள்ளும் அக்கரை போய்த் திரும்பிய ஒன்று இருக்கிறது.

தேயிலை பறித்த கைகளுக்கு நேர்ந்தது

திரும்பி வந்தோர் எல்லோருக்கும் இப்படி அமைந்துவிடவில்லை. 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென முடிவாயிற்று.

இவர்களைப் படிப்பில்லாத கூலிகள் என்றே பலர் நினைத்தனர். உண்மையில் இவர்கள் தேர்ந்த தொழிலாளர்கள். இரண்டு இலை ஒரு மொட்டு என்று விரைவாகக் கிள்ளுவது, செடியைக் கவாத்துச் செய்வது, சரிவில் மண் அரிக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் இவர்கள் கையில் இருந்த கலை. இவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலை நடவு தொடங்கியது. 1976-ல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதாவது டான்டீ ஆனது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், வால்பாறைப் பக்கங்களில் வேலை கிடைத்தவர்கள் தெரிந்த தொழிலிலேயே காலூன்றினர்.

ஆனால் அப்படி இடம் கிடைத்தவர்கள் ஒரு பகுதியினரே. மிகப் பலருக்குச் சமவெளி ஊர்களில் சிறு வியாபாரத்துக்குக் கடன் கொடுத்து அனுப்பினார்கள். கடை நடத்திப் பழக்கம் இல்லை, ஊர் பழக்கம் இல்லை, உறவும் இல்லை. கடன் தொகை சாப்பாட்டுக்கே போயிற்று. பிறகு மலைக்கே திரும்பிக் கூலி வேலை தேடியவர்கள் ஏராளம். டான்டீயும் அண்மை ஆண்டுகளில் நட்டத்தில் தள்ளாடி வருகிறது என்பதையும் மறப்பதற்கில்லை.

ஆனந்த் கதையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். குரியனிடமும் தொழில் இருந்தது, தேயிலைத் தொழிலாளியிடமும் தொழில் இருந்தது. குரியனுக்கு அவர் தொழிலைக் கேட்டு வாங்கும் சங்கம் அமைந்தது. கடை வைக்கக் கடன் வாங்கிய தேயிலைத் தொழிலாளிக்கோ தெரியாத தொழில் தலையில் கட்டப்பட்டது. நாலு மாடு வாங்கிக் கட்டு என்று நாம் மெக்கானிக்குக்குச் சொல்லும் யோசனை இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

மாடு வாங்குமுன் கணக்குப் பார்க்கவும்

கறவை மாடு கூடாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் ஒரு கலப்பினப் பசுவைக் கொள்வோம். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் வரவு 350 ரூபாய்.

உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோவும், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கு 1 கிலோவுமாக, அடர்தீவனம் ஐந்தரைக் கிலோ வேண்டும். கிலோ 28 ரூபாய் என்றால் 154 ரூபாய். பசுந்தீவனம் 25 கிலோ விலைக்கு வாங்கினால் கிலோ 3 ரூபாய் வீதம் 75 ரூபாய். சோளத்தட்டு 5 கிலோ, கிலோ 10 ரூபாய் வீதம் 50 ரூபாய். ஆக, தீவனச் செலவு மட்டும் 279 ரூபாய். கையில் நிற்பது 71 ரூபாய். டாக்டர் செலவு, கடன் வட்டி, ஆள் கூலி இதில் சேரவில்லை. கன்று ஈனுமுன் பால் வற்றும் இரண்டு மாதத்துக்கு வரவே கிடையாது.

ஒவ்வொருவரும் தம் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பார்க்கலாம். எப்படிப் பார்த்தாலும், தீவனத்தை விலைக்கு வாங்கும் பண்ணையில் லாபம் குறைவு என்பதே விடையாக வரும். ஆகவே மாட்டுக்கு முன் தீவனம் வர வேண்டும். ஒரு கறவைக்கு 10 சென்ட் வீதம் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நட்டால், 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பும், பிறகு 45 நாளுக்கு ஒரு முறை அறுப்பும் வரும். வேலிமசால், அகத்தி போன்ற பயறுவகைத் தீவனத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புல் அறுப்புக்கு வந்த பிறகு மாடு வாங்கலாம். முதலில் இரண்டு மாடு போதும். திருப்பூரில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

நம் வட்டாரத்துக்கு எந்தத் தொழில் வேண்டும்?

திரும்பி வந்தவர்களின் கைத்தொழிலுக்குக் கிராமத்தில் வேலை இருக்கிறது. சிலவற்றைக் கீழே காணலாம்.

குளிர்சாதன மெக்கானிக்: கறந்த பாலில் கிருமி வேகமாகப் பெருகும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் 4 டிகிரி சென்டிகிரேடுக்குக் குளிர்வித்தாக வேண்டும். இதற்காகச் சங்கங்களில் பால் குளிர்விப்பான் தொட்டி வைத்துள்ளார்கள். கம்ப்ரஸர் இரவில் நின்று, மெக்கானிக் நகரத்திலிருந்து மறுநாள் வந்து சேர்ந்தால், 1,000 லிட்டர் தொட்டியில் 35,000 ரூபாய் மதிப்புள்ள பால் கெட்டுப்போகும். அது ஒரு கிராமத்தின் ஒரு நாள் உழைப்பு. பாலைவன வெயிலில் குளிர்சாதன இயந்திரங்களைப் பழுது பார்த்தவருக்கு இந்தத் தொட்டி பெரிய காரியம் இல்லை. பத்துச் சங்கங்கள் சேர்ந்து மாதம் 1,500 ரூபாய் வீதம் பராமரிப்பு ஒப்பந்தம் கொடுத்தாலும் அவருக்கு மாதம் 15,000 ரூபாய் நிலையான வருமானம். இதற்கு மாடு வேண்டாம், மருந்துச் செலவு வேண்டாம்.

சுத்திகரிப்பு ஆலையில் பணி செய்தவர்: வளைகுடா நாடுகளில் கடல் நீரை நல்ல நீராக்கும் ஆலைகள் பல உள்ளன. அங்கு ஆர்.ஓ. முறையில் வேலை கற்றவருக்குத் திருப்பூரிலேயே தேவை இருக்கிறது. சாயக் கழிவால் நொய்யல் கெட்டதும், ஒரத்துப்பாளையம் அணை நீர் பாசனத்துக்கு உதவாமல் போனதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் விவசாயிகள் அறிந்ததே. அதன் பின் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் பொது நிலையங்கள் இந்த முறையைக் கொண்டே ஓடுகின்றன. அவை ஒழுங்காக ஓடினால்தான் கீழ்ப் பகுதிக் கிணறுகள் பிழைக்கும். அதோடு, கிணற்று நீரின் உப்பை அளந்து சொல்லும் வேலையும் இவருக்குத் தெரியும். நீரின் மின்கடத்துத் திறன் 2.25-க்கு மேல் போனால் சாதாரணப் பயிர்களுக்கு ஆகாது என்பதை விவசாயி தெரிந்துகொண்டு பயிரை மாற்றலாம்.

வெல்டர், பைப் பிட்டர்: பரண்மேல் ஆட்டுக் கொட்டகை, தீவனத் தொட்டி, சொட்டுநீர்க் குழாய் இணைப்பு, உரக் கரைசல் தொட்டி ஆகியவை எல்லாம் இவர்கள் வேலை. சொட்டுநீர் போட்டுவிட்டு அடைப்பு எடுக்க ஆளில்லாமல் சுருட்டி வைத்த தோட்டங்கள் பல. பருவத்துக்கு ஒரு முறை குழாய்களைக் கழுவி, வடிகட்டியைச் சுத்தம் செய்து தர ஓர் ஆள் இருந்தால் அந்த முதலீடு வீணாகாது.

கனரக வாகன ஓட்டுநர்: டிராக்டர், தட்டு வெட்டும் கருவி, வைக்கோல் கட்டும் கருவி இவற்றை ஓட்டவும் பராமரிக்கவும் தெரிந்தவர் கிடைப்பது இன்று அரிது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, விவசாயிகள் குழுவோ வாடகைக்கு விட இயந்திரம் வாங்கும்போது இவரைப் பொறுப்பாளராக வைக்கலாம். இயந்திரம் வாங்க வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரிக்கலாம்.

செவிலியர் வேலை பார்த்துத் திரும்பிய பெண்கள்: பால் கறக்கும்முன் கையும் மடியும் கழுவும் சுத்தம், பாத்திரச் சுத்தம் இவற்றைக் கற்றுக்கொடுக்க இவர்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. கட்டுத்தரை வேலையில் பாதிக்கு மேல் பெண்கள் கையில் இருப்பதால், பெண்ணே சொல்லிக்கொடுத்தால் எளிதில் பதியும்.

சங்கம் செய்ய வேண்டியவை

திரும்பி வருபவர் தாமாகச் சங்கத்தின் கதவைத் தட்டமாட்டார். சங்கம்தான் அவரைத் தேட வேண்டும். ஆனந்தில் திரிபுவன்தாஸ் செய்தது அதுவே.

1. பால் சங்கமோ, உழவர் நிறுவனமோ தம் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் வெளிநாட்டில் தொழில் பார்த்துத் திரும்பியவர்களின் பதிவேடு ஒன்று வைக்க வேண்டும். பெயர், செய்த தொழில், எத்தனை வருடம், எந்த வகை இயந்திரம் என்று குறித்தால் போதும்.

2. ஆண்டுப் பொதுக்குழுவில் அவர்களை அழைத்து, சங்கத்துக்கு உள்ள இயந்திரக் கஷ்டங்களைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

3. வேலைக்குக் கூலி பேசி எழுதிக் கொடுக்க வேண்டும். "நம்ம பங்காளி பையன்தானே, வந்து பார்த்துட்டுப் போகட்டும்" என்று இரண்டு முறை சும்மா கூப்பிட்டால், மூன்றாவது முறை அவர் மறுபடியும் பாஸ்போர்ட்டைத் தேடுவார். வெளியூர் மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலியை உள்ளூர் மெக்கானிக்குக்கும் கொடுப்பதே முறை.

4. ஒரு சங்கத்தால் முடியாததைப் பல சங்கங்கள் சேர்ந்து செய்யலாம்.

திரும்புபவர் செய்ய வேண்டியவை

1. புறப்படும் முன் வேலை செய்த கம்பெனியிடம் அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். ஊர் வந்த பிறகு அதை வாங்குவது கடினம். கடன் கேட்டுப் போகும் வங்கியிலும் அது உதவும்.

2. வந்த முதல் ஆறு மாதம் பெரிய முதலீடு எதுவும் செய்யாமல் இருப்பது நல்லது. அந்தக் காலத்தில் சங்கம், தோட்டம், சந்தை என்று சுற்றிப் பார்த்து, எங்கே எந்த இயந்திரம் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

3. சேமிப்பு முழுவதையும் வீடு கட்டவும் நிலம் வாங்கவும் போட்டுவிட்டால் தொழிலுக்குக் கருவி வாங்கப் பணம் இருக்காது. ஒரு வருடக் குடும்பச் செலவைத் தனியே வைத்துவிட்டு மீதியைக் கணக்கிட வேண்டும்.

4. அங்கே இருபத்துநான்கு மணி நேரமும் ஒரே சீரான மின்சாரம். இங்கே தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் குறித்த நேரத்துக்குத்தான் வரும். அழுத்தமும் ஏறி இறங்கும். அங்கே மணல், இங்கே செம்மண்ணும் கரிசலும். ஆகவே அங்கே செய்ததை இங்கே செய்யும் முன் விவசாயியிடம் கேட்டு, சிறிய அளவில் செய்து பார்க்க வேண்டும்.

5. சுயதொழில் கடன், மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையத்திலும் வங்கியிலும் நேரில் விசாரிக்க வேண்டும். இடைத்தரகர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. திரும்பி வந்த மகனைப் பார்த்து, எவ்வளவு கொண்டு வந்தாய் என்று ஊர் கேட்கும். என்ன தொழில் கற்று வந்தாய் என்று வீடு கேட்க வேண்டும். கொண்டு வந்த பணம் ஓரிரு ஆண்டில் செலவாகும். கற்று வந்த தொழிலுக்குச் சங்கத்தில் இடம் கொடுத்தால் அது அவருக்கும் சோறு போடும், ஊர்ப் பாலையும் கெடாமல் காக்கும். அடுத்த பொதுக்குழுவிலேயே இந்தப் பேச்சை எடுக்கலாம்.